கேட்டு வாங்கிய கண்ணாடி

கேட்பதற்குக் கூச்சமே இல்லாத சிலரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்கறிக்காரரிடம் கொசுறாகக் கொத்தமல்லி கேட்பார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பார்கள். அதெல்லாம் சின்ன விஷயம். நான் சொல்லப்போகும் அக்கா, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்து, எதை வேண்டுமானாலும் கேட்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு அவமானத்தில் காது சுடும். "கேட்டா என்னாடி? வாயிலேருந்து முத்தா கொட்டிடப் போவுது?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள். அவள் பேரைச் சொல்லப் போவதில்லை. இப்போதும் கடலூரில்தான் இருக்கிறாள். என்னால் அவளுக்கு ஒரு சங்கடம் வேண்டாம்.

அவளை முதலில் பார்த்தது சுனாமிக்கு அடுத்த வருஷம், கடலூர் பழைய டவுனில் நான் வேலை பார்த்த பட்டறையின் வாசலில். பெரிய ஓட்டல்களில் சாப்பாட்டு மேசைக்கு மேல், பல்பைச் சுற்றி, பூவும் இலையுமாக வண்ணக் கண்ணாடிக் கூடு ஒன்று தொங்குமே, அதைச் செய்கிற பட்டறை. ஷேடு என்போம். துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஈயத்தால் பற்றவைத்துச் செய்வது. பாண்டிச்சேரிக் கடைகளுக்குப் போகும். நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஷேடுகளுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ட்ராயிங் பரீட்சையில் ஹையர் பாஸ். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவள் தலையில் மொட்டை போட்டு முளைத்த முடி குத்திட்டு நின்றது. இடுப்பில் அஞ்சு வயசுப் பெண். அந்த வயசுக்கு இடுப்பில் தூக்கக் கூடாத கனம். பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள்.

"அண்ணே, ஒடஞ்ச கலர் கண்ணாடி இருந்தா ஒண்ணு குடுங்க."

எங்கள் முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கும்மா?"

"எம் பொண்ணுக்கு லைட்டு குத்துது."

விஷயம் இதுதான். அவள் புருஷன் பெட்டிக்கடை வைத்திருந்தார். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு பாக்கெட் ஒன்றை எடுத்துப் பிள்ளை அமுக்கி விளையாடியிருக்கிறது. பாக்கெட் வெடித்துச் சுண்ணாம்பு இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. வலது கண் அன்றைக்கே போயிற்று. இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்தது. அந்தப் பூ வழியாக வெளிச்சம் சிதறிப் போவதால், வீட்டில் குண்டு பல்பு போட்டாலே பிள்ளை அலறும். புருஷன் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வருவார், பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் மறுநாளே திரும்பிவிடுவார்.

முதலாளி நல்ல மனுஷன். ஒரு பல்பை மேசை மேல் எரியவிட்டு, முன்னால் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஷேடுக்குக் கண்ணாடி தேர்வு செய்வது அப்படித்தான். கையில் வைத்துப் பார்த்தால் ஒரு நிறம், பின்னால் வெளிச்சம் வந்தால் வேறொரு நிறம். பிள்ளை ஒரு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தது. நீலம் என்றால் "குத்துது." சிவப்பு என்றால் "குத்துது." கடைசியில் தேன் நிறத்தில், பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும் ஒரு துண்டைப் பிடித்தார். பால் கண்ணாடி என்போம். பிள்ளை முகத்திலிருந்து கையை எடுத்தது.

"அம்மா, இது குத்தல."

அவ்வளவுதான். அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போவாள் என்று பார்த்தால், "இதே கண்ணாடியில ஒரு முழுக் கூடு செஞ்சு குடுங்கண்ணே" என்கிறாள். அது வெளிநாட்டுச் சரக்கு, எப்போதோ ஒரு பலகை வரும், அதற்கும் ஆர்டர் இருக்கிறது என்று முதலாளி பொறுமையாக எடுத்துச் சொன்னார். "சரி, கண்ணாடிய நானே எங்கியாவது கேட்டு வாங்கிக்கிறேன். செய்யறதுக்குக் கத்துக் குடுங்க." முதலாளி சிரித்துவிட்டார். மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவள் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

வேலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள் என்று சொன்னால் பொய். கை வெட்டிக்கொள்ளாத நாளில்லை. நான் வரைந்த படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டு அட்டையையும் கண்ணாடி மேல் வைத்து, ஓரமாகக் கட்டரை ஓட்ட வேண்டும். கட்டர் என்பது பேனா மாதிரிப் பிடி, நுனியில் கடுகளவு சக்கரம். அதை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். போன கோட்டில் இன்னொரு தரம் போனால் சக்கரமும் பாழ், கண்ணாடியும் இஷ்டத்துக்குப் பிளக்கும். கோடு போட்டதும் இரண்டு கட்டைவிரலையும் அடியில் கொடுத்து, அப்பளத்தை உடைக்கிற மாதிரி மெதுவாக மடக்கினால் 'டிக்' என்று பிரியும். அவள் பயந்துபோய் இரண்டு தரம் இழுப்பாள். உடையும். உடைந்ததைப் பார்த்து, பெற்ற பிள்ளை கீழே விழுந்த மாதிரி "ஐயோ" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். வாரக் கணக்கில் இப்படியே போய், ஒரு நாள் ஒரே இழுப்பில் வளைவான இலை ஒன்றை வெட்டி எடுத்தாள். அன்றைக்கு என் டிபன் பாக்ஸிலிருந்த இட்லியையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

கண்ணாடி தேட ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு போவாள். பழைய டவுனில் பெரிய பெரிய வீடுகள் உண்டு. கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். இடிக்கிற வீடாக இருந்தால் பரவாயில்லை. ஆள் குடியிருக்கிற வீட்டிலும் போய் நிற்பாள்.

"மேல அந்த மஞ்சக் கண்ணாடி விரிஞ்சிருக்குது பாருங்கம்மா. எப்பிடியும் ஒரு நாளு பசங்க தலையில விழும். எடுத்துக்கட்டுமா?"

அந்த அம்மாள் என்னைப் பார்ப்பார். நான் தெருக்கோடியைப் பார்ப்பேன். முதல் தரம் திட்டி அனுப்புவார்கள். இரண்டாம் தரம் போவாள். அப்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவாள். பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். "பொண்ண காட்டிப் பிச்சை எடுக்கறீங்க" என்று ஒரு நாள் கோபத்தில் சொல்லிவிட்டேன். "ஆமா, எடுக்கறேன். நீயும் ஒரு புள்ள பெத்துட்டு வந்து பேசு" என்றாள்.

சொல்லப்போனால் அந்த ஷேடில் கேட்டு வாங்காதது எதுவுமில்லை. கவிந்த வடிவம் வருவதற்கு அச்சு வேண்டும். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் அடி நசுங்கிய அலுமினியச் சட்டி கேட்டு வாங்கி, கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, அது ஒரு வசதி. துண்டுகளைச் சட்டி மேல் நிற்கவைக்க மெழுகு வேண்டும். மாதா கோயில் கெபியில், சிலை வைத்த அந்தச் சின்னக் குகையில், எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளை ஃபாதரிடம் கேட்டு வாங்கினாள். திருவந்திபுரத்துப் பெருமாளுக்கு மொட்டை போட்ட தலையோடுதான் போய் மாதா கெபியில் நிற்பாள். எங்கள் வீட்டுக்கு ஒரு தரம் வந்தாள். அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்து முழுசாக உட்காரக்கூட இல்லை, "ஐயா, இந்த லென்சு உங்களுக்குக் கட்டாயம் வேணுமா? எம் பொண்ணுக்கு எழுத்து காட்டணும்" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ, "இந்தக் கிழவனுக்கு நியூஸ் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?" என்று சிரிப்பார்.

ஷேடு தப்பாகப் போனதும் அவளுடைய இந்தக் குணத்தால்தான். வெட்டிய துண்டின் ஓரத்தைச் சாணையில் தேய்த்து, அட்டையின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் ஓரத்தில் செம்பு டேப் சுற்றி, அழுத்தித் தேய்த்து ஒட்டுவது. அக்கா தேய்க்கவே மாட்டாள். "அலைஞ்சு கேட்டு வாங்குனதுடி. தேச்சு மண்ணாக்கச் சொல்றியா?" என்பாள். ஒவ்வொரு துண்டும் ஒரு நூல் பெரிசு. ஒரு துண்டில் தெரியாது. சட்டியைச் சுற்றி வட்டம் கட்டிக்கொண்டே வந்து கடைசித் துண்டை வைக்கும்போதுதான் தெரியும். ஒரு துண்டுக்கு இடம் இருக்க வேண்டிய இடத்தில் அரைத் துண்டுக்குத்தான் இடம் இருந்தது.

அவள் கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடுக்கையே பார்த்தாள். சட்டியை ஒரு சுற்று சுற்றினாள், எங்கேயாவது இடம் கிடைக்கும் என்கிற மாதிரி. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "சின்னதா ஒரு கள்ளத் துண்டு வச்சு மூடிடலாம்மா, சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டினா தெரியாது" என்றார். "எம் பொண்ணு சுத்திச் சுத்திப் பாப்பாண்ணே" என்றாள் அக்கா. முழு வட்டத்தையும் ஈயத்தை உருக்கிப் பிரித்தாள். பிரிக்கிற சூட்டில் நாலைந்து துண்டுகள் விரிந்து போயின. அதெல்லாம் வெயிலில் தெருத்தெருவாக நின்று வாங்கிய பால் கண்ணாடி. அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சாணைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, மிச்சத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

இரண்டாம் தரம் வட்டம் சரியாக மூடியது. ஈயம் பிடிப்பதற்குத் திராவகம் தடவி, பற்றவைக்கிற சூடேறிய ராடால் முதலில் புள்ளி புள்ளியாக ஈயம் வைத்தாள். மெழுகு உருகித் துண்டு சரிவதற்குள் புள்ளி விழ வேண்டும், அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு செய்வாள். அப்புறம் இணைப்பு முழுக்க, பாம்பு படுத்த மாதிரி ஈயம் உருண்டையாக ஓடியது. சட்டியிலிருந்து கழற்றி, உள்பக்கமும் ஈயம் ஓட்டி, உச்சியில் பித்தளை மூடி வைத்து, மயில்துத்தம் கரைத்துத் தடவினாள். வெள்ளையாகப் பளபளத்த ஈயம் செம்பழுப்பாக மாறியது. சோப்புத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைக் குளிப்பாட்டினாள். அழகென்று சொல்ல முடியாது. ஒரு துண்டு மஞ்சள், ஒரு துண்டு சந்தனம், நடுவில் ஏதோ உடைந்த குளோப்பின் வெள்ளை. நான் வரைந்த பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வீட்டில் அதை மாட்டி சுவிட்சைப் போட்டதும், பிள்ளை அதன் கீழே வந்து, முகத்தை நிமிர்த்தி, ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு என் புடவையைக் காட்டி, "அத்தை, ஒங்க பொடவையில மாங்கா போட்டிருக்கு" என்றது. நான் சமையற்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றது. நோட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதும். எழுதாத நேரத்தில், கைக்கெட்டுகிற மாதிரி தாழ மாட்டியிருந்த ஷேடை விரலால் தடவி, இது ஃபாதர் வீட்டுக் கண்ணாடி, இது கோபக்கார ஆயா வீட்டுக் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் நான் அந்த அக்காவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதி முடித்திருப்பேன். பிள்ளையின் இடது கண்ணுக்குக் கருவிழி மாற்ற வேண்டும் என்று பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இறந்தவர்களின் கண் தானமாக வந்தால் வரிசைப்படி மாற்றுவார்கள். ஒரு தரம் மாற்றி, ஒரு வருஷத்துக்குள் அது மங்கிவிட்டது. இன்னொரு தரம் செய்து பார்க்கலாம், காத்திருங்கள் என்றார்கள். கேட்டே பழகியவளைக் காத்திருக்கச் சொன்னால்?

சாவு வீடுகளுக்குப் போய்க் கண் கேட்க ஆரம்பித்தாள்.

அங்கே எடுக்கிற கண் இவள் பெண்ணுக்கே வராது, வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போகும். அது அவளுக்குத் தெரியும். "போவட்டும்டி. யாருக்குப் போனாலும் வரிசை ஒண்ணு நகரும் இல்ல?" என்பாள். குடிகாடு கிராமத்தில் ஒரு பெரியவர் இறந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்துத் தொழிற்பேட்டைக் காற்று அன்றைக்கு மூக்கை எரித்தது. பெரியவரின் மகனைத் தனியே கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டாள். உள்ளேயிருந்து மகள் கேட்டுவிட்டாள். "எங்கப்பன் குருடனா போய்ச் சாமி முன்னாடி நிக்கணுமா? அடுத்த பொறப்புலயும் குருடா பொறக்கணுமா? உம் பொண்ணுக்கு வேணும்னா உங் கண்ணப் புடுங்கிக் குடுடி!" சாணித் தண்ணீரை அப்படியே எங்கள் மேல் வீசினாள். பஸ் ஸ்டாப்பில் முந்தானையைப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "எங் கண்ணத்தாண்டி மொதல்ல குடுக்கறேன்னேன். உசுரோட இருக்கறவங்ககிட்ட எடுக்க மாட்டாங்களாம்."

கொடுத்தவர்களும் உண்டு. பழைய டவுனில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, தாயாரின் கண்ணைக் கொடுக்கச் சம்மதித்தது. அக்காவே இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஊர் அதைப் பேசவில்லை. 'கண்ணு கேக்கறவ' என்று பேர் வைத்தது. உடம்பு முடியாதவர்கள் இருக்கிற வீட்டில், அவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் ஒரு நாள் அவள், இன்னும் சாகாத ஒருவரிடமே போய்க் கேட்டுவிட்டாள். பட்டறைக்குப் பக்கத்துத் தெரு, கட்டிலில் கிடந்த மனிதர். அவர் அழுதுவிட்டாராம்.

"உசுரோட இருக்கற ஆளுகிட்டயாக்கா? ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"செத்தப்புறம் கேட்டா நேரம் பத்தலடி. ஆறு மணி நேரத்துக்குள்ள கண்ண எடுத்தாவணும், அழுது முடிக்கறதுக்குள்ள அது ஓடிடுது" என்றாள். அவள் குரலில் வருத்தமே இல்லை, கணக்கு மட்டும்தான் இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாகிவிட்டது. அதற்கப்புறம் வேலை தவிர எதுவும் பேசவில்லை.

அதனால்தான், எங்கப்பா படுத்த படுக்கையானபோது அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டேன். 2011 முடிகிற நேரம் அது. வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதுதான் 'தானே' புயல் வந்தது. கடலூரே தலைகீழாகிப் போனது என்றார்கள். பட்டறையின் கூரை பறந்து, கண்ணாடிப் பலகைகள் மொத்தமும் நொறுங்கிவிட்டதாக முதலாளி போனில் சொன்னார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "வீட்டு ஷீட்டெல்லாம் போயிடுச்சும்மா, தார்ப்பாய் கட்டியிருக்கா. ஷேடு மட்டும் தப்பிச்சிடுச்சாம், கட்டிப் புடிச்சிட்டு ஒக்காந்திருந்தாளாம்" என்றார்.

அப்பா அந்தக் கோடையில் ஒரு காலையில் போய்விட்டார். மத்தியானம் அக்கா வந்தாள். முதலாளி சொல்லியிருப்பார்.

வாசலில் அவளைப் பார்த்தேன். வந்துட்டியா என்று நினைத்தேன். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பொறுப்பேன்? எழுந்து அவள் கையைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"கேக்கத்தானே வந்தீங்க? கேளுங்க. ஊர்ல எல்லார் வீட்லயும் கேட்டீங்க, எங்க வீட்ல மட்டும் எதுக்கு இந்த நடிப்பு?"

"இல்லடி. ஐயாவப் பாக்கத்தான் வந்தேன்."

"ஏன், பொண்ணுக்கு வேணாமா?"

"வேணாம்னுட்டாங்க. வரிசையிலேருந்து பேர எடுத்துட்டாங்க."

கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். புயலுக்கப்புறம் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. கூரைக்குத் தார்ப்பாய் கட்டியதில் பகலிலேயே வீடு கும்மிருட்டு. பிள்ளை, "அம்மா, இருட்டா இருக்கும்மா" என்றிருக்கிறது. "கரண்ட் இல்லடி, ஊருக்கே இருட்டுதான்" என்று சொல்லியிருக்கிறாள். "கண்ணு வலிக்குதும்மா" என்றிருக்கிறது. புயல் தூசி என்று நினைத்து இருந்த சொட்டு மருந்தை விட்டிருக்கிறாள். ஊரில் யாரைப் பார்த்தாலும் இருட்டு இருட்டு என்றுதான் புலம்பினார்கள். பிள்ளையும் அதையேதான் சொல்கிறது என்று இருந்துவிட்டாள்.

"ஒரு நாளு சாயங்காலம் கரண்டு வந்துச்சுடி. தெருவே கத்துது. ஓடிப்போயி சுவிட்சப் போட்டேன், ஷேடு தகதகன்னு எரியுது. எம் பொண்ணு நேரா அதப் பாத்து ஒக்காந்துகிட்டு, 'எல்லாரும் கத்தறாங்களே, நம்ம வீட்டுக்கு எப்பம்மா கரண்டு வரும்?'னு கேக்கறா."

அவளே மேலே சொன்னாள்.

"அவ கையப் புடிச்சி ஷேடு மேல வச்சேன். சூடா இருந்துச்சு. கைய எடுக்கல. அப்பிடியே வச்சிருந்தா. அப்பறமா, 'சரிம்மா'ன்னா."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார்களாம் டாக்டர்கள். வலி என்று சொன்ன அன்றைக்கே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஒரு டாக்டர் கேட்டாராம். இனி எத்தனை கருவிழி கிடைத்தாலும் அந்தக் கண்ணுக்குப் பிரயோஜனமில்லை. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அப்பாவுக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத" என்றாள்.

"என்னக்கா?"

"கடைசியா ஆஸ்பத்திரி போனப்ப ஒரு பொண்ணப் பாத்தேன். கைப்புள்ளக்காரி. அந்தக் கொழந்தைக்கு ரெண்டு கண்ணுலயும் பூவு. வரிசையில பேரக் குடுத்துட்டு மூலையில தலையக் குனிஞ்சிகிட்டு ஒக்காந்திருக்கா. நர்சுகிட்ட தண்ணி எங்க இருக்குன்னுகூட கேக்கல. அவளுக்குக் கேக்கத் தெரியாதுடி. அதான் நான் கேக்கறேன். அவளுக்கே போவும்னு சொல்ல மாட்டேன். வரிசை நகரும்."

நான் எழுந்து முன்பக்கம் போனேன். அண்ணன் பந்தலுக்குக் கீழே சித்தப்பாக்களோடு நின்றுகொண்டிருந்தான். எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வாய் உலர்ந்து போயிற்று. இத்தனை வருஷம் அவள் வாசல் வாசலாக இந்த உலர்ந்த வாயோடுதான் நின்றாளா என்று அப்போதுதான் தோன்றியது. "அண்ணா, அப்பா கண்ணக் குடுத்துடலாமா?" என்றேன். சித்தப்பா ஒருவர் "என்ன பேச்சுடி இது?" என்று சீறினார். அண்ணன் என்னையே பார்த்தான். உள்ளே அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "யாருக்குப் போன் பண்ணணும்?" என்றான். நம்பர் அக்காவுக்கு மனப்பாடம்.

அவளே அப்பாவின் கண்களில் ஈரப்பஞ்சு வைத்தாள். வைத்துவிட்டு உடனே செருப்பைத் தேடினாள்.

"வண்டி வர்ற வரைக்குமாவது இருங்கக்கா."

"இல்லடி, பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போவணும். சாயங்காலமானா வந்து ஷேடத் தொட்டுப் பாப்பா. சில்லுனு இருந்தா பயந்துக்கறா. போயி லைட்டப் போடணும்."

சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.